தடி தந்த வீட்டுக்கு முதல் கிழங்கு

வியாழக்கிழமை, விடியற்காலை ஐந்தேகால் மணி.

பதுளை பஸ் நிலையத்தில் மட்டக்களப்பு பஸ் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. நேரம் குறிக்கிறவரிடம் போய், "எப்ப வரும்?" என்று கேட்டேன். "வந்தாப் பிறகு சொல்றேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. 1974ஆம் வருஷம் ஆவணி மாதம் அது. பாண் ரொட்டிக்கு நின்று, மாவுக்கு நின்று, சீனிக்கு நின்று, நிற்பதே ஒரு தொழிலாகிவிட்ட வருஷம். நான் நாயின் பக்கத்தில் குந்திக்கொண்டேன். அது கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது.

பையில் மூன்று சாமான்கள். முந்தின நாள் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று வாங்கிய இரண்டு பாண். தங்கச்சி இராசம்மாவுக்கு நான் தைத்த நீல ரவிக்கை. ஒரு கொப்பி.

கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதுளைக் கடைத்தெருவில் எனக்குத் தையற்கடை. கையை நீட்டி, கழுத்தை நிமிர்த்தி அளவு கொடுக்கிற மனிதர்கள் சும்மா நிற்பதில்லை, எதையாவது பேசுவார்கள். பேசுவதில் எனக்குப் பிடித்ததை எழுதிவைப்பேன். பள்ளிக்கூடம் நான் மூன்றாம் வகுப்போடு சரி. கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க ஒரே கிழங்கின் பெயர். நாங்கள் மரவள்ளி என்கிறோம். சிங்களவர் மஞ்ஞொக்கா என்கிறார்கள். அடுத்த கடைக்கு மேல்மாடியில் இருக்கும் மலாய்க்காரப் பெரியவர் 'உபி காயு' என்றார், மரக்கிழங்கு என்று அர்த்தமாம். நாகர்கோவிலிலிருந்து வந்த துணி வியாபாரி ஏழிலைக்கிழங்கு என்றார், சேலத்துக்காரர் குச்சிக்கிழங்கு என்றார். இங்கிலீஷ்காரர் இங்கே மேனியொக் என்பார்களாம், இந்தியாவுக்குப் போனால் தபியோக்கா என்பார்களாம். கிழங்கு ஒன்று, அதைத் தின்கிற வாய்தான் பல.

அந்தப் பக்கத்தை நம்பித்தான் தங்கச்சி கடிதம் போட்டிருந்தாள்.

"அண்ணனுக்கு. இவருக்குக் காலில் திருக்கை முள்ளுக் குத்தி மூன்று கிழமை. வாவிக்கு மீன் பிடிக்கப் போக ஏலாது. வீட்டு வளவில் மரவள்ளி விளைந்து கிடக்குது, பிடுங்க விடுகிறாரில்லை. நாங்கள் தின்கிற இனம் இல்லை இது. போன வருஷம் படுவான்கரை வயலுக்கு அரிவு வெட்டப் போனபோது ஒரு சிங்கள மனிசன் குடுத்த தடியை நட்டவர். காம்பு சிவப்பு, உள்தோலும் கருஞ்சிவப்பு. நஞ்சுக் கிழங்கு எண்டு பக்கத்து வளவில சொல்லிப்போட்டாங்க. பிள்ளைகள் மூன்றுக்கும் பசி. நீங்க ஊரூரான பேரெல்லாம் எழுதி வைச்சிருக்கிறவர். வந்து இது என்ன கிழங்கெண்டு சொல்லுங்க."

தோலின் நிறத்தைக் கேட்டுப் பெயர் சொல்ல எனக்குத் தெரியாது. அதை எழுதிப் போட்டிருக்கலாம். எழுதாமல் பாண் வரிசையில் போய் நின்றேன்.

காலை ஆறே முக்கால்.

பஸ் வந்தது. செங்கலடிச் சந்தி வரை தொண்ணூறு மைல், அங்கிருந்து மட்டக்களப்பு டவுனுக்குப் பத்து மைல். ஐந்து ரூபாய் அறுபது சதம். லுணுகலை தாண்டிப் பிபிலைக்கு இறங்கும்போது குளிர் கழன்றது, சட்டை முதுகில் ஒட்டியது. பிபிலையில் ஒரு சிங்கள அம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் வாழையிலைப் பொட்டலம். அவித்த மரவள்ளியும் இடித்த கொச்சிக்காய்க் காரச் சம்பலும். நான் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். என் கண் பார்த்திருக்கிறது.

"சாப்பிடு மகனே" என்று ஒரு துண்டை வைத்தார். எனக்கு அப்போது வயது நாற்பத்தாறு.

தின்றபடி சிவப்புத் தோல் சங்கதியைச் சொன்னேன். அவர் யோசித்தார். "மஞ்ஞொக்காவில் நூறு ஜாதி. கண்ணால் பார்த்து யாருக்குச் சொல்ல முடியும்? எதுவானாலும் பானையை மூடி அவிக்கக் கூடாது. பிடுங்கின அன்றைக்கே தின்ன வேண்டும். தின்ற அன்று இஞ்சி வாயில் படக் கூடாது."

இதே மூன்றையும் என் அம்மா தமிழில் சொல்லியிருக்கிறாள். அந்த மலாய்க்காரரும் சொல்லியிருக்கிறார். பெயர்தான் ஆற்றுக்கு ஆறு மாறுகிறது; பயம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

மகா ஓயாவில் அரிசி சோதனை. ஒரு மாவட்டத்து அரிசி மற்ற மாவட்டத்துக்குப் போகக் கூடாது என்ற காலம். காவலர் ஒருவர் கம்பியால் ஒவ்வொரு பையையும் குத்திப் பார்த்தார். என் பாணில் ஒரு ஓட்டை விழுந்தது. "அரிசி இல்லையா?" என்றார், ஏமாந்தவர் போல. "இருந்தால் பதுளையிலேயே தின்றிருப்பேனே ஐயா" என்றேன். கம்பியைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.

பிற்பகல் மூன்றரை, மட்டக்களப்பு.

கல்முனைப் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மலையாளத்துக்காரரின் தேத்தண்ணிக்கடை. அவருடைய ஆட்கள் எல்லாரும் ஊருக்குக் கப்பலேறியும் அவர் மட்டும் தங்கிவிட்டவராம். பால் இல்லை, சீனி இல்லை; பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். பதினைந்து சதம். அவரிடமும் கேட்டேன்.

"கப்பையோ? ஞங்ஙள் நாட்டில் கைப்புக் கப்பையும் உண்டு. வெள்ளத்தில் வேகவைத்து, வெள்ளத்தை ஊத்திக் களையணும். ரெண்டு வட்டம், மூணு வட்டம். பின்னெ தின்னலாம்."

"இஞ்சி?"

"இஞ்சியா? அது உங்கட நாட்டுப் பேய். எங்கட நாட்டில் அதுக்கு விசா இல்லெ."

கொப்பியில் 'கப்பை' என்று எழுதிக்கொண்டேன். எழுதும்போதே, இதனால் தங்கச்சி பிள்ளைகளுக்கு என்ன லாபம் என்று ஒரு எண்ணம் வந்தது. கொப்பியை மூடிவிட்டேன்.

மாலை ஐந்தே முக்கால், செட்டிபாளையம்.

கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம் எல்லாம் கடந்து செட்டிபாளையம். டவுனிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று மைல். றோட்டுக்கு ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. சூரியன் கடலில் எழும்புகிற இந்தக் கரை எழுவான்கரை, அது வாவிக்கு அப்பால் விழுகிற அந்தக் கரை படுவான்கரை. இப்படிப் பெயர் வைத்த மனிதன் ஒரு கணமாவது வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கொடுத்து வைத்தவன்.

தங்கச்சி வாசல் படலையில் நின்றாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய புருஷன் தம்பிப்பிள்ளை பதுளைக்குக் கொத்து வேலைக்கு வந்தவன். என் கடைக்குச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்து, தங்கச்சியைக் கேட்டுவிட்டுப் போனவன். எங்கள் வீட்டில் "ஆமாங்க" என்று சொல்லித் திரிந்தவள் இப்போது "ஓம்" என்கிறாள்.

"வாங்க அண்ணன். ஏன் இவ்வளவு சுணக்கம்?"

"பஸ்ஸைக் கேள்."

நாலு வயதுச் சின்னவள் என் பையை மணந்து பார்த்தாள். பாணைப் பிய்த்துக் கொடுத்தோம். கம்பி குத்திய ஓட்டையில் விரலை விட்டு, "மாமா, இதுக்குள்ள என்ன இருந்தது?" என்றாள். அன்றைக்கே இரண்டு பாணும் முடிந்துவிட்டன.

தம்பிப்பிள்ளை உள்ளே பாயில் கிடந்தான். கால் பூசணிக்காய் போல. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான்.

"கிட மச்சான்."

"பாத்தீங்களா வளவை? தலை உசரத்துக்கு நிக்குது. ஒவ்வொரு செடி மூடும் ரெண்டு பிள்ளையளைப் போல கிழங்கு வச்சிருக்கும். பாக்கப் பாக்க வயிறு எரியுது மச்சான். ஆனா நான் தொடமாட்டன். என்ர அப்பாட தமையன் ஆரோ குடுத்த கிழங்கைத் தின்டுதான் செத்தவர். நான் பாத்தனான்."

விளக்கு வைப்பதற்கு முன் வளவுக்குள் போய்ப் பார்த்தேன். காம்பு சிவப்பு. ஒரு வேரைச் சுரண்டினேன், உள்தோல் கருஞ்சிவப்பு. கொப்பியில் இருந்த எட்டுப் பெயரும் மனதில் வந்தன. எட்டில் எதுவும் வாயைத் திறக்கவில்லை.

"என்ன அண்ணன், என்ன கிழங்கு?" என்றாள் தங்கச்சி.

"தெரியாது இராசம்மா."

பக்கத்து வளவுக் கண்ணம்மை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பதுளையில இருந்து வந்து 'தெரியாது' எண்டு சொல்றதுக்கு, அதை நானே சொல்லியிருப்பனே தம்பி, பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்" என்றாள்.

வழி சொன்னவன் தம்பிப்பிள்ளைதான். இந்தப் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. ஒரு வீட்டில் மரவள்ளித் தடி வாங்கி நட்டால், விளைந்ததும் முதல் மூடு மரவள்ளியைப் பிடுங்கி, தடி தந்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தந்தவன் முதலில் தின்ன வேண்டும். பிறகுதான் நட்டவன் வீட்டில் பானை ஏறும். நன்றி என்று சொல்வார்கள். எனக்கு அதில் புத்தியும் தெரிந்தது: நஞ்சைக் கொடுத்தவன் முதல் ஆளாய் உட்கார்ந்து தின்பானா?

"முதல் கிழங்கு போகாமத்தான் மச்சான் எல்லாம் இப்பிடிக் கிடக்குது. எனக்குக் கால் ஏலாது. குணபால எண்டு பேர். மண்டூருக்கு அங்கால குடியேற்றத்தில. நீங்க சிங்களம் பறைவீங்க. கொண்டு போங்க. அவன் தின்டா நாங்களும் தின்னலாம். முழிச்சான் எண்டா விளங்கும்."

தங்கச்சி மூலையில் நின்றாள். "நாளைக்குப் போய் நாளைக்கே வந்திருவீங்களா, அண்ணன்?"

"வந்திருவேன்."

"எத்தினை மணிக்கு?"

"பஸ்ஸைப் பொறுத்தது."

ரவிக்கையைக் கொடுத்தேன். விரித்துப் பார்த்து, "கோயிலுக்குப் போட வச்சிருக்கிறன்" என்று பெட்டியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை, காலை ஐந்து மணி.

முதல் மூடு பிடுங்கினோம். ஆறு கிழங்கு, மண்ணோடு பத்து றாத்தல் இருக்கும். சாக்கில் கட்டித் தோளில் போட்டேன். பிடுங்கின அன்றே அவிக்க வேண்டிய சாமான். வழியில் வாடினால் போன காரியம் பிழை. களுவாஞ்சிகுடி வரை பஸ். அங்கிருந்து குருமண்வெளித் துறைக்கு நடை. அங்கேதான் பாதை இருக்கிறது. பாதை என்பது மட்டக்களப்பில் தரையில் கிடப்பதல்ல. பலகை பரப்பிய மிதவை. மனிதர், மாடு, வண்டி எல்லாவற்றையும் ஏற்றி வாவியைக் கடக்கும்.

அன்று பாதை ஓடவில்லை. ஏதோ உடைந்திருந்தது. ஒரு தோணிக்காரர் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மூன்றாவது ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்குக்குள்ள என்ன?"

"மரவள்ளி."

"படுவான்கரைக்கு மரவள்ளி கொண்டு போறீங்களா? உப்பளத்துக்கு உப்புக் கொண்டு போற ஆள் நீங்க."

காரியத்தைச் சொன்னேன். அவருடைய முகம் மாறியது. "தடி தந்த வீட்டுக்கா? அப்ப ஏறுங்க. அதுக்கு நான் இருபத்தஞ்சு சதம் வாங்கினா எனக்குக் கூடாது." துடுப்பைப் போட்டபடி கேட்டார்: "பசியோட இருக்கிறாங்களோ அங்க?"

"ஓம்."

"பசி ருசி அறியாது எண்டு சொல்லுவாங்க. பசி நஞ்சும் அறியாது. கெதியாப் போய்ட்டுக் கெதியா வாங்க."

அந்தச் சொல் எனக்குப் பிறகுதான் உறைத்தது. அப்போது வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மண்டூரில் பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் நின்றேன். வெல்லாவெளி தாண்டி இறங்கி இரண்டு மைல் நடந்தேன். வாய்க்கால் கரை, வயல், திரும்பவும் வாய்க்கால் கரை. அங்கே ஊர்களுக்குப் பெயர் கிடையாது, இலக்கம்தான். முப்பத்தேழு, முப்பத்தெட்டு, நாற்பது. பெயர் தேடி வந்த மனிதனுக்கு அதைவிடக் களைப்பான இடம் வேறில்லை.

பகல் பதினொன்றரை.

குணபால வேலி கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, மெலிந்த ஆள், வெற்றிலைப் பல். சாக்கை இறக்கி, செட்டிபாளையத்துத் தம்பிப்பிள்ளையின் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பிடித்தது நினைவுக்கு வர. பிறகு, "ஆ! அரிவு வெட்டும்போது பாட்டுப் பாடுகிறவன்!" என்றார்.

கிழங்கை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி நகத்தால் சுரண்டினார். சிவப்பைக் கண்டதும் வீட்டுப்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா வந்து கிழங்கைக் கையில் வாங்கி, முந்தானையால் மண்ணைத் துடைத்தார்.

"எங்களுடையது முழுக்கக் காட்டுப்பன்றி தின்றுவிட்டது" என்றார் குணபால. "தடிகூட மிஞ்சவில்லை. இந்த வளவில் இனி இந்த இனம் இல்லை என்று நினைத்திருந்தோம்."

"தின்னலாமா இதை?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் சுகமில்லாத ஆளோ என்ற சந்தேகம் இருந்தது. "நாலு வருஷம் தின்றோம். பின்னே வேலி கட்டவா வளர்த்தோம்?"

வழக்கத்தைச் சொன்னதும் அவர் வெகுநேரம் சிரித்தார். "கொடுத்ததைத் திருப்பிக் கொண்டுவருகிற ஆட்களை இப்போதுதான் பார்க்கிறேன். அவ்வளவு தூரம்! ஒரு கடிதம் போட்டிருக்கலாமே?" பிறகு சிரிப்பை நிறுத்தி, "நான் முதலில் தின்ன வேண்டும், அப்படித்தானே? சரி. எனக்கும் பசிதான்" என்றார்.

பானை ஏறியது. மூடியில்லாமல். அந்த அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து அதே மூன்றையும் சொன்னார்: மூடாதே, வைத்திருக்காதே, இஞ்சி வேண்டாம். நான் தலையாட்டினேன். குணபால உப்பும் கொச்சிக்காயும் தொட்டு முதல் துண்டைத் தின்றார். நான் அவருடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கண்டுவிட்டு, வாயைத் திறந்து நாக்கைக் காட்டினார், குழந்தை மாதிரி. பிறகு நானும் தின்றேன். மாவாக உதிர்ந்தது. நல்ல கிழங்கு.

புறப்படும்போது கேட்டேன்: "இதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்?"

"கல்முனை மஞ்ஞொக்கா."

"ஏன் கல்முனை?"

"துணி விற்க வருகிற கல்முனை முஸ்லிம் ஒருவர்தான் முதல் தடியைக் கொண்டுவந்தார்."

கல்முனை, என் தங்கச்சி வீட்டிலிருந்து பன்னிரண்டு மைல். அவள் வாசலால் போகும் பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணி நேரம். அந்த வியாபாரியிடம் போய்க் கேட்டால் அவர் வேறு எந்த ஊரின் பெயரைச் சொல்வாரோ! கொப்பியில் ஒன்பதாவதாக எழுதினேன். மகிழ்ச்சி வர வேண்டிய இடம். கால்தான் வலித்தது.

"அடுத்த முறை தடி கொண்டு வா" என்றார் குணபால. "இந்த முறை நான் வாங்கி நடுகிறேன். முதல் கிழங்கை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன், எப்படி?"

மாலை ஆறே கால்.

வரும் வழியில் பஸ் ஒரு தடவை நின்றது, தோணி ஒரு தடவை சுணங்கியது. செட்டிபாளையம் றோட்டில் இறங்கி வளவுக்குள் திரும்பியபோது முதலில் கேட்டது பிள்ளைகளின் சத்தம். மூன்று பேரும் வேலியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். நேற்று பாணைத் தின்றுவிட்டு அப்படியே சுருண்டு படுத்த பிள்ளைகள்.

என் தோள் லேசாகிவிட்டது. காலையில் சாக்கை இறக்கியபோதுகூட அவ்வளவு லேசாக இருக்கவில்லை. உடனே, இவர்கள் எதைத் தின்றார்கள் என்று புரிந்து, முற்றத்துக்கு விரைந்தேன்.

இராசம்மா முற்றத்தில் இருந்தாள். நல்ல சீலை, நான் தைத்த நீல ரவிக்கை. நான் வருகிற நாள் என்று உடுத்தியிருக்கிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் பானை, அடியில் நாலைந்து துண்டு. கண்ணம்மையும் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தாள்.

"அவர் தின்றார்" என்றேன் நான். "நல்ல கிழங்கு. கல்முனை மஞ்ஞொக்கா என்று பெயர்."

கண்ணம்மைதான், "ஏதோ ஒரு மஞ்ஞொக்கா. எனக்கு ரெண்டு தடி வெட்டித் தாகா இராசம்மா" என்றாள்.

"நேற்று நஞ்செண்டு சொன்ன வாய்தானே இது?" என்றாள் தங்கச்சி.

"நேற்று எனக்கு இவ்வளவு பசிக்கயில்லை."

உள்ளேயிருந்து தம்பிப்பிள்ளையின் குரல் வந்தது, கோபமா அழுகையா என்று தெரியாத குரல். "கேளுங்க மச்சான் அவளிட்ட. நீங்க போனதும் பின்வளவில போய் இன்னொரு மூடு பிடுங்கி, கண்ணம்மை வீட்டு அடுப்பில அவிச்சிருக்கிறாள். எனக்குச் சொல்லயில்லை. முதல் கிழங்கு போய்ச் சேர முந்தியே!"

"சின்னவள் மண்ணைத் தின்டாள், அண்ணன்" என்றாள் இராசம்மா. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், அவனைப் பார்க்கவில்லை. "நீங்க போய்க் கொஞ்ச நேரத்தில. குந்தியிருந்து, ஒரு பிடி வெள்ளை மணலை எடுத்து வாயில போட்டு அரைச்சாள். நீங்க பேர் கேட்கப் போயிருக்கிறீங்க. பேர் வரும், தெரியும். பேர் வருமட்டும் வயிறு நிக்குமா?"

"பிள்ளைகளுக்கு எப்போது கொடுத்தாய்?"

"நாலு மணிக்கு."

"நீ எப்போது தின்றாய்?"

"பதினொன்றரைக்கு."

குணபால தன் பானையை அடுப்பில் ஏற்றாத நேரம் அது.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி.

சனிக்கிழமை முழுக்கத் தூங்கினேன். ஞாயிறு காலை டவுன் பஸ்ஸுக்கு றோட்டில் நின்றோம், நானும் தங்கச்சியும். என் கையில், பதுளையில் நடுவதற்கு, ஒரு முழ நீளத் தடி பன்னிரண்டு, ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டியது. அவள் பழைய சீலையில் இருந்தாள். கடற்காற்று உப்பாக வீசியது. பஸ் வழக்கம்போல வரவில்லை. பேச ஏதாவது வேண்டும் என்றுதான் கேட்டேன்:

"ரவிக்கை கை இறுக்கமாக இருந்ததா?"

"இல்லை அண்ணன். அளவுதான்."

"கோயிலுக்கு என்று வைத்திருந்தாயே. வளவுக்குள் உடுத்தி மண்ணாக்கிவிட்டாய்."

அவள் றோட்டைப் பார்த்தாள். "தின்ன முந்திக் குளிச்சு உடுத்தினனான்."

"ஏன்?"

"பிறகு ஆரும் வந்து உடுத்திவிடத் தேவையில்லையே."

அவளே சொன்னாள். பானையை எட்டாத உயரத்தில் கட்டினாளாம். மூத்தவளைக் கூப்பிட்டு, "அம்மா நித்திரையாக் கிடந்தா எழுப்பாதே. மாமா வருமட்டும் பானையைத் தொட விடாதே" என்றாளாம். தம்பிப்பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணியைப் பக்கத்தில் வைத்தாளாம். பிறகு முற்றத்தில் பாயைப் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், நாலரை மணி நேரம்.

"பயமாக இருந்ததா?"

"முதல் ஒரு மணித்தியாலம். பிறகு நித்திரை வரப் பாத்தது. நித்திரையோ மற்றதோ எண்டு தெரியாம, தொடையைக் கிள்ளிக் கிள்ளி முழிச்சிருந்தன்." கொஞ்சம் சிரித்தாள். "ருசியாத்தான் இருந்தது அண்ணன். அதைச் சொல்ல வேணும்."

பஸ் வந்துவிட்டது. "ஏறுங்க, ஏறுங்க" என்று கண்டக்டர் கத்தினார். தடிக் கட்டு கதவில் சிக்கியது, அவளே பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். "முதல் கிழங்கு எனக்குத்தான், மறந்திராதீங்க" என்றாள். பஸ் நகர்ந்த பிறகுதான் நான் திரும்பிப் பார்த்தேன். அவள் அதற்குள் வளவுக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.

மகா ஓயாவில் திரும்பவும் சோதனை. தடியைக் கண்ட காவலர் என்னவென்று கேட்டார். மஞ்ஞொக்கா என்றேன். "என்ன ஜாதி?" என்றார். வாய்க்கு வந்த ஒன்பது பெயரும் வேண்டாம் போலிருந்தது. "நல்ல ஜாதி" என்றேன்.

கடையின் பின்பக்கம் துண்டு நிலம் ஒன்று உண்டு, கத்தரித்த துணி கொட்டுகிற இடம். அங்கே நட்டேன். பதுளை மழைக்குப் பழக அதற்குக் கொஞ்ச நாள் பிடித்தது. காம்பு சிவப்பு வெளுத்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பத்து மாதம் கழித்து ஒரு ஞாயிறு விடியற்காலை இரண்டு மூடு பிடுங்கினேன். ஒன்றைச் சாக்கில் கட்டி வைத்தேன். ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் இருட்டுவதற்குள் செட்டிபாளையம் போகலாம், அன்றே அவிக்கலாம்.

வழக்கம் என்று பார்த்தால் முதல் வாய் அவளுடையது. அந்த வீட்டில் முதல் வாய் ஒரு தரம் தின்றாயிற்று. மற்ற மூட்டுக் கிழங்கை அடுப்பில் வைத்து, மூடாமல் அவித்து, உப்புத் தொட்டு நானே முதலில் தின்றேன். அவளைப் போல முந்திக் குளித்து உடுத்தவில்லை; தின்றுவிட்டுத்தான் குனிந்து பார்த்தேன். இடுப்பில் இருந்தது கடையில் உடுத்தும் பழைய சாரம், முழங்காலருகே கிழிசல். தையற்காரன் வீட்டுக் கிழிசல் தைக்க நேரம் வராது என்பார்கள். அதை மாற்றாமலே சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.